எரிஉலைப் பக்கம் மண் எடுக்கப் போனபோது

தோட்டத்துக்காரன், பொள்ளாச்சி
வேலந்தாவளம் தாண்டி ஒரு மருத்துவக் கழிவு எரிஉலை. பெயர் வேண்டாம். கழிவு எரியும்போது உருவாகும் டயாக்சின் என்ற நச்சு இருக்கிறதா என்று ஆய்வு செய்ய மண் எடுத்தோம். அசிட்டோனில் கழுவிய எஃகுக் கரண்டி, பழுப்புக் கண்ணாடிக் குப்பி, மேல்மண் 5 சென்டிமீட்டர் மட்டும். வேலிக் கொடியை விலக்கிக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். மடியில் நான்கு முட்டைகள், சூடு ஆறவில்லை. "மண்ணை இவ்வளவு பக்குவமாக எடுக்கிறாயே தம்பி, கோழி இதைத்தானே கிளறித் தின்கிறது? பேரனுக்கு இதைக் கொடுக்கலாமா?"

மேய்ச்சல் கோழியின் மஞ்சள் கருக் கொழுப்பில் டயாக்சின் சேரும் என்று எனக்குத் தெரியும். எங்கள் பட்டியலில் முட்டை இல்லை. முடிவு வந்ததும் சொல்கிறேன் என்றேன். அறிக்கை பணம் கொடுத்தவர்களிடம் போனது. நான் திரும்பப் போகவில்லை.

மீனாட்சிபுரம் ஆசிரியை
எந்த மாதம் எடுத்தீர்கள்? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் கிழக்கே அடிக்கும், மார்கழியில் மேற்கே திரும்பும். ஒரு பக்கம் மட்டும் எடுத்த மண்ணை நான் நம்ப மாட்டேன். எங்கள் தோப்பு உலைக்குக் கிழக்கே இருக்கிறது. விடியற்காலையில் உலையை மூட்டும்போது புகை கறுப்பாக வரும். ஓர் ஆடி மாதம் அவரை இலையைத் துடைத்தேன், வெள்ளைத் துணி கறுத்துவிட்டது. அந்தத் துணியை இன்னும் வைத்திருக்கிறேன்.

சித்தூர் வாசகர்
ஆசிரியை அவர்களே, கறுப்பு என்பது கரி. டயாக்சின் கண்ணுக்குத் தெரியாது. புகை 450 டிகிரியிலிருந்து 200க்கு மெதுவாக ஆறும்போதுதான் அது அதிகம் உருவாகிறது. அதனால் வெள்ளைப் புகையையும் நம்ப வேண்டாம். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி உலையின் இரண்டாம் அறையில் 1050 டிகிரி வெப்பத்தில் புகை 2 நொடி நிற்க வேண்டும். அந்தப் பதிவேட்டைக் கேளுங்கள்.

என் அண்ணன் உலைச் சாம்பலை வாழைக்குப் போட்டார், நான் தடுக்கவில்லை. அதனால் சொல்கிறேன். சாம்பலை எருவாக்காதீர்கள். கோழியை அடைத்து, தீவனத்தைத் தொட்டியில் வையுங்கள். கீரையை நன்றாக அலசுங்கள், கிழங்கைத் தோல் சீவுங்கள். பெரும்பாலான செடிகளில் டயாக்சின் காற்று வழியாக இலையில்தான் படியும். பூசணி போன்ற சில கொடிகள் வேர் வழியாகவும் உறிஞ்சிக் காயில் சேர்த்துவிடும், அதைக் கழுவிப் பயனில்லை. மனித உடலுக்குள் போனது பாதியாகக் குறைய 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். பாட்டிக்குப் பதில் சொல்லாமல் வந்தது தவறு, ஐயா.

தோட்டத்துக்காரன், பொள்ளாச்சி
தவறுதான். நான் விலக்கிவிட்ட அந்த வேலிக் கொடி அரசாணி, பூசணிதான். காய் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.