புவிவெப்பமா நிலவெப்பமா? கூடவே ‘நோட்டம்’ என்ற சொல்லுக்கு ஒரு விண்ணப்பம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஜப்பானில் ஒரு சுரங்க நிறுவனம் மலைப்பகுதிகளில் நிலத்துக்கடியில் உள்ள வெப்பத்தைத் தேடி எடுப்பதைப் பற்றி ஓர் இதழுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது பத்தியிலேயே தடுக்கி நின்றுவிட்டேன். ‘புவிவெப்பத்தைக் குறைக்கப் புவிவெப்பம் பெரிதும் உதவும்’ என்று ஒரு வரி. எழுதும்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வாசித்துப் பார்த்த மகள், “இது என்னப்பா, எதை வச்சு எதைக் குறைக்கிறது?” என்று கேட்டாள். அதன் பிறகுதான் இந்த இழையைத் தொடங்கினேன். வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

> பாடநூலில் புவிவெப்ப ஆற்றல் என்றே இருக்கிறது. பிள்ளைகள் படித்துப் பழகிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

நியாயமான கேள்விதான். பழகிய சொல்லைக் காரணமில்லாமல் தொடக்கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் இந்தச் சொல்லின் காலடி மண் நகர்ந்துவிட்டது. இன்று செய்தித்தாளில் ‘புவி வெப்பம்’ என்று பார்த்தால் யாருக்கும் காற்று சூடாவதும் பனிப்பாறை உருகுவதும்தான் நினைவுக்கு வரும். புவி வெப்பமயமாதல் என்ற நீண்ட சொல் நாளடைவில் சுருங்கிச் சுருங்கி அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. அதை எழுப்ப நம்மால் முடியாது. இடம் மாற வேண்டியது நாம்தான்.

நிலவெப்பம் என்பதே என் தேர்வு. காலுக்குக் கீழே இருப்பதைத் தமிழ் எப்போதும் ‘நில’ என்றுதான் தொடங்குகிறது. நிலக்கரி, நிலநடுக்கம், நிலத்தடி நீர், நிலச்சரிவு எல்லாம் அந்த வரிசைதான். ஜப்பானியர் சொல்லும் ‘சினெட்சு’வும் நிலம், வெப்பம் என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்ததே. வேளாண்மைக்காரர்கள் பேசும் வெப்பத்தோடு குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர்கள் பேசுவது மண்ணின் வெப்பநிலை, அதற்கு ‘மண்’ இருக்கிறது.

நிலக்கனல் என்ற பரிந்துரையைப் பார்த்து இரண்டு நாள் மயங்கிக் கிடந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிலக்கரி எடுத்த கை நிலக்கனல் எடுக்கிறது என்று எழுத எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் அங்கே எதுவும் எரிவதில்லை. இவாத்தே மாநிலத்து மட்சுகாவாவில் 1952இல் ஊர்க்காரர்கள் குளிக்க வெந்நீர் வேண்டித் துளை போட்டார்கள். வந்தது நீராவி. அதே இடத்தில்தான் 1966இல் ஜப்பானின் முதல் நிலவெப்ப மின்நிலையம் ஓடத் தொடங்கியது. குளியலுக்குப் போட்ட துளையில் வந்ததைக் கனல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி இரண்டாவது சொல். உண்மையில் என்னை வாட்டுவது இதுதான். வெப்பத்தைத் தேடும் வேலைக்கு என்ன பெயர்?

அதற்கு முன் தேடுவது யார் என்று சொல்லிவிடுகிறேன், பெயர் அதில்தான் ஒளிந்திருக்கிறது. நான் எழுதுவது மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனத்தைப் பற்றி. அகிதா மாநிலத்துக் கசுனோ நகரின் எல்லைக்குள் ஒசரிசாவா செப்புச் சுரங்கம் அவர்களுடையது, 1978இல் மூடினார்கள். அதே கசுனோவில், ஹச்சிமந்தாய் மலையில், ஓனுமா நிலவெப்ப மின்நிலையத்தை 1974லேயே தொடங்கிவிட்டார்கள். பக்கத்தில் சுமிகாவா, 1995. அங்கே 50,000 கிலோவாட் நிலையத்துக்கு நீராவி கொடுப்பது இவர்கள், மின்சாரம் எடுப்பது தொஹோக்கு மின் நிறுவனம். பிறகு வேறு நிறுவனங்களோடு சேர்ந்து யுசாவாவில் வசாபிசாவா நிலையம் 2019இல், ஹச்சிமந்தாயின் இவாத்தே பக்கம் அப்பி நிலையம் 2024இல்.

செம்பு தோண்டியவர்களுக்கு வெந்நீரில் என்ன வேலை என்று முதலில் எனக்கும் தோன்றியது. படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, இரண்டும் ஒரே வேலை. செம்பும் பொன்னும் இருக்கும் பல கனிம நரம்புகள் ஒரு காலத்தில் பாறை விரிசல்களில் ஓடிய வெந்நீர் விட்டுப்போன படிவுகள். நீர் ஆறிப்போயிற்று, உலோகம் தங்கிவிட்டது. கனிமம் தேடியவர்கள் ஆறிய வெந்நீரின் தடத்தைத் தேடினார்கள், இப்போது அதே கண்ணோடு ஆறாத வெந்நீரைத் தேடுகிறார்கள். பப்புவா நியூகினியின் லிகிர் தீவில் இவை இரண்டும் ஒரே குழிக்குள் இருக்கின்றன. இன்னும் சூடு தணியாத எரிமலை வாய்க்குள் பொன் சுரங்கம். நீராவியை வெளியேற்றிவிட்டுத்தான் தோண்ட வேண்டும், அந்த நீராவியிலேயே 2003 முதல் மின்சாரமும் எடுக்கிறார்கள்.

இந்தத் தேடலை ‘ஆய்வு’ என்று எழுதினால் சப்பென்று இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் பள்ளிக்கூடத்தைப் பார்த்தாலும் ஆய்வு, முனைவர் பட்டத்துக்கு எழுதினாலும் ஆய்வு. அகழாய்வு கீழடிக்குப் போய்விட்டது, அது அங்கேயே இருக்கட்டும். ‘கண்டறிதல்’ என்றால் கண்டாயிற்று என்று பொருள். இந்தத் தொழிலில் பல துளைகள் வெறுந்துளையாகத்தான் முடிகின்றன. ‘தேட்டம்’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், தேசவழமை என்னும் யாழ்ப்பாணத் தமிழர் வழக்கச் சட்டத்தில் தேடியதேட்டம் என்பது மணவாழ்வில் சேர்த்த சொத்து என்றும், இன்றும் அது சட்டச்சொல் என்றும் எடுத்துக்காட்டினார். அவர் சொன்னது சரி. கிடைக்குமா என்று தெரியாத ஒன்றுக்குச் சேர்த்து முடித்த சொத்தின் பெயரை வைக்கக்கூடாது.

எனவே நோட்டம் என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

நாணய நோட்டம் என்ற வழக்கு உண்டு. காசு நல்லதா கள்ளதா என்று தட்டியும் உரசியும் பார்த்துச் சொல்பவர் நோட்டக்காரர். அதில் பார்வை இருக்கிறது, கைவேலை இருக்கிறது, முடிவு எப்படியும் வரலாம் என்ற திறப்பும் இருக்கிறது. ‘பார்த்தல்’ என்ற வினை நம் ஊரில் இந்த வேலைக்கு ஏற்கெனவே உள்ளதுதானே! கிணற்றுக்கு இடம் குறிப்பதை நீரோட்டம் பார்ப்பது என்கிறோம். எங்கள் தோட்டத்தில் போர் போட்ட அன்று, ரிக் வண்டி கக்கிய கல்மாவை மேஸ்திரி ஐந்தடிக்கு ஒரு கை அள்ளித் தரையில் வரிசையாகக் குவித்துக்கொண்டே வந்தார். சாம்பல், வெள்ளை, மறுபடியும் சாம்பல். ஒரு குவியலை மட்டும் எடுத்து விரலிடுக்கில் தேய்த்து, “இது கெட்டிக்கல்லு இல்லீங்க, இன்னும் இருபதடி போலாம்” என்றார். அங்கேதான் தண்ணீர் கிடைத்தது.

ஹச்சிமந்தாயில் நடப்பதும் இதன் பெரிய வடிவம்தான். வெந்நீர் பட்டுப்பட்டுப் பாறை களிமண்ணாக மாறுகிறது. ஒரு வகைக் களி 200 டிகிரிக்கு மேல் நிலைக்காது, வேறு வகையாகிவிடும். துளையிலிருந்து வரும் துகளில் எந்தக் களி இருக்கிறது என்று பார்த்தே அந்த ஆழத்தில் எவ்வளவு சூடு இருந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். மேலே மூடி போட்டதுபோல் கிடக்கும் களிப்பாறை மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், துளை போடும் முன்பே தரைமேல் கருவி வைத்து அதன் இடத்தைக் கணிக்கிறார்கள். இரண்டும் நோட்டம்தான். முதலாவதைத் துளைநோட்டம் என்றும் இரண்டாவதைத் தரைநோட்டம் என்றும் சொல்லலாம். (மேல்நோட்டம் என்றுதான் முதலில் வைத்தேன். மேலோட்டம் என்று படித்துவிடுவார்கள் என்பதால் விட்டேன்.)

> திருடன்தானே நோட்டம் விடுவான்? கம்பெனிக்காரன் மலையை நோட்டம் விட்டான் என்றால் வேறு பொருள் வராதா?

வரும். ஆனால் ‘நோட்டம் விடுதல்’ வேறு, ‘நோட்டம் பார்த்தல்’ வேறு. துணைவினையை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

சிலி நாட்டுச் சட்டத்தைப் படித்தபோது இந்தச் சொல்லின் தேவை இன்னும் உறுதியானது. 2000ஆம் ஆண்டின் நிலவெப்பச் சட்டம் தேடுவதற்கு ஓர் உரிமம், எடுப்பதற்கு வேறோர் உரிமம் என்று பிரிக்கிறது. அந்த நாட்டின் அரசுச் செப்பு நிறுவனமான கொடெல்கோவும் பங்கு வைத்திருந்த ஒரு கூட்டு நிறுவனம், ஆண்டீஸ் மலையில் 4,300 மீட்டர் உயரத்தில் உள்ள எல் தாத்தியோ வெந்நீர்ப் பீச்சுகளுக்கு (நிலத்திலிருந்து வெந்நீர் பீச்சியடிக்கும் ஊற்றுகளுக்கு) அருகே துளையிட்டுக்கொண்டிருந்தது. 2009 செப்டம்பரில் ஒரு கிணறு கட்டுமீறி, 60 மீட்டர் உயரத்துக்கு நீராவி பீறிட்டது. அடக்க வாரக்கணக்கில் ஆயிற்று. அந்தப் பீச்சுகளைப் பார்க்க வருவோரை நம்பியே பக்கத்து அத்தக்காமா மக்கள் பலர் வாழ்கிறார்கள். இதை ‘ஆய்வின்போது’ என்று தமிழில் எழுதினால், யாரோ குறிப்பேட்டோடு மலையேறியதுபோல்தான் வாசகர் நினைப்பார். துளைநோட்டத்தின்போது என்றால், மண்ணில் இரும்பு இறங்கியது தெரிந்துவிடும்.

எடுப்பதற்கு ‘எடுப்பு’ போதும். நிலவெப்ப நோட்டம், நிலவெப்ப எடுப்பு. உரிமங்களும் அவ்வாறே நோட்ட உரிமம், எடுப்பு உரிமம்.

ஒரு சொல் மட்டும் இன்னும் அகப்படவில்லை. வெந்நீர் நிறைந்திருக்கும் அந்த அடிப்பாறைக்கு அகராதிகளைப் பின்பற்றித் தேக்கம் என்று எழுதினேன். தேக்கம் என்றதும் வாசகர் மனத்தில் மேட்டூர் அணைபோல் ஓர் ஏரி விரிகிறது. அங்கே ஏரி எதுவும் இல்லை. கெட்டியான பாறையும் அதன் விரிசல்களில் நெருக்கிக்கொண்டு நிற்கும் நீரும்தான். ஊற்றுப்பாறை என்று வைத்துப் பார்த்தேன், திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றைப்போல் தானாகவே மேலே வருவது என்று தோன்றுகிறது. பாறைக்கும் நீருக்கும் இடையில் விரிசலைச் சொல்லும் ஒரு சொல் வேண்டும். கிணறு வெட்டும் குடும்பங்களில் அதற்கு வழக்குச் சொல் நிச்சயம் இருக்கும். தெரிந்தவர்கள் எந்த ஊர் வழக்கு என்பதோடு எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் கட்டுரையிலேயே சேர்த்துவிடுவேன்.