கூடை பின்னினால் விற்றே ஆக வேண்டுமா?

வயர்ப்பைத்தியம்:
எட்டு மாதமாக வயர் கூடை பின்னுகிறேன். வங்கி வேலை, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் கை ஒழியும். சாதா முடிச்சில் ஆரம்பித்து, நெல்லிக்காய் முடிச்சு பழகி, இப்போது சிவன் கண் என்கிற பின்னலில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். இதுவரை ஒன்பது கூடை. அதில் இரண்டு கோணல், ஒன்று தரையில் வைத்தால் ஆடும். போன வாரம் பச்சையும் மஞ்சளுமாக ஒன்றை முடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். பதினொரு பேர் பதில் போட்டார்கள். அதில் எட்டுப் பேர் கேட்டது, "எவ்வளவுக்குக் கொடுப்பே?" சின்ன மாமா ஒருபடி மேலே போய், இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் பெயரே யோசித்து வைத்துவிட்டார்.

எனக்கு விற்க விருப்பம் இல்லை. விற்க ஆரம்பித்தால் நிறத்தை அவர்கள் சொல்வார்கள், தேதியை அவர்கள் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. ரோலைப் பிரித்து முழம் போட்டு வெட்டும்போது வருகிற புது வயர் வாசனை பிடிக்கும். அடிப்பாகம் முடிந்து நாலு மூலையையும் மடக்கி ஏற்றும்போது, அதுவரை பாய் மாதிரி கிடந்தது திடீரென்று கூடையாக நிமிருமே, அது பிடிக்கும். ஒன்றைச் சும்மா ஆசைக்குச் செய்வது அவ்வளவு பெரிய குற்றமா?

கணக்குப்பிள்ளை:
குற்றம் இல்லை தங்கச்சி, நஷ்டம். நடுத்தரக் கூடைக்கு மூன்று ரோல் வயர், கைப்பிடிக்குள் கொடுக்கிற ட்யூப், தினம் இரண்டு மணி நேரம் வீதம் ஒரு வாரம். ஒன்பது கூடையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்? வீட்டில் அவ்வளவு வெங்காயமா இருக்கிறது?

மாமா சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. கடைக்குப் பை கொண்டுபோகிற பழக்கம் மெல்லத் திரும்புகிறது. (பிளாஸ்டிக் தடையால் பிளாஸ்டிக் கூடைக்கு யோகம், அது தனிக்கதை.) கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குப் பதில் சின்ன வயர் கூடை கொடுக்கிறார்கள். தேவை இருக்கிற நேரத்தில் கையில் ஒரு தொழிலை வைத்துக்கொண்டு 'ஆசைக்கு' என்றால் எனக்குப் புரியவில்லை.

வயர்ப்பைத்தியம்:
வெங்காயத்துக்கு ஒன்று, பூஜைச் சாமானுக்கு ஒன்று. ஆடுகிற கூடையில் மிச்ச வயர் துண்டு கிடக்கிறது. மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டேன் அண்ணா. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்று, அலுவலகத்தில் சிலருக்கு. எல்லாம் சும்மாதான். ஒருவர் மட்டும் ரொம்ப வற்புறுத்தி வயர் காசை நீட்டினார், 280 ரூபாய். அதை வாங்கிக்கொண்டேன்.

கூடைக்காரம்மா மகன்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். 'வயர் காசு' என்ற வார்த்தையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அம்மா இருபது வருடமாகக் கூடை பின்னுகிறார். நான் டிப்ளமோ முடித்தது அந்தக் காசில்தான். அவர் வலது கை ஆட்காட்டி விரலில் வயர் அறுத்து அறுத்து ஒரு கோடு விழுந்து, அந்த இடத்தில் தோல் தடித்துப்போயிருக்கிறது. நெல்லிக்காய்க் கூடைக்கு 550 ரூபாய் சொல்வார். போன தீபாவளிக்கு வந்த ஒரு அம்மா கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு வயர் காசுக்கே போட்டுக் கொடுக்குது, நீங்க என்ன இவ்வளவு சொல்றீங்க?" அம்மா 400க்குக் கொடுத்தார். வயர் போக அதில் என்ன நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தப் பொண்ணு நீங்கள்தான் என்று சொல்லவில்லை. ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் இருக்கிறார். நீங்கள் சந்தோஷமாகப் பின்னுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் 280 வாங்கிய அன்றைக்கே நீங்கள் சந்தைக்குள் வந்துவிட்டீர்கள். அதுவும் கூலி பூஜ்யம் என்று எழுதிய விலைச்சீட்டோடு.

ஓலைக்கிளி:
தம்பியின் கோபம் நியாயம். ஆனால் கணக்குப்பிள்ளை சார் கேட்டதற்கு வருகிறேன். ஆசைக்குச் செய்வதில் காசு நுழைந்தால் என்ன ஆகும் என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு அது. ஏற்கெனவே படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகள். ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு வரைந்து முடித்த பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் அதே சான்றிதழ். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் அவர்கள் வரைந்த பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டு ஒளிந்திருந்து கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் அந்தப் பேனாக்களைத் தொட்டார்கள்.

நம் வீட்டு வாசல் கோலம் இல்லையா? காலையில் போடுகிறோம், பத்து மணிக்குள் செருப்பும் சைக்கிளும் ஏறி அழிந்துவிடுகிறது. அதை யார் விற்றார்கள்?

கணக்குப்பிள்ளை:
கோலம் வந்தே தீரும் என்று எதிர்பார்த்தேன். மார்கழியில் கோலப்போட்டி வைத்துக் குக்கர் பரிசு கொடுக்கிறார்களே, பார்த்ததில்லையா? குக்கர் வாங்கியவர் மறுநாள் கோலம் போடாமலா விட்டார்? அந்த ஆய்வில் இருப்பவை நாலு வயதுக் குழந்தைகள். வாடகை கட்டாத குழந்தைகள். என்னைப் பொறுத்தவரை, ஆசைக்குச் செய்கிறேன் என்று சொல்லவே ஒரு மாதச் சம்பளம் பின்னால் நிற்க வேண்டும்.

கூடைக்காரம்மா மகன்:
அந்தக் கடைசி வரி சரி. அதே சமயம் சார், இந்த அக்காவை 'விற்கலாமே' என்று தள்ளுகிறவரும் நீங்கள்தான். சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லோரும் சாயங்காலத்தில் கடை விரித்தால் எங்கள் அம்மா எங்கே போவார்? அக்கா விற்காமல் இருப்பதுதான் எங்களுக்கு நல்லது. விற்றால் முழு விலைக்கு விற்கட்டும்.

ராஜம் பெரியம்மா:
எனக்கு அறுபத்தேழு வயது. கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அந்த வீட்டில் ஆம்பிளைகள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரேடியோவில் கிரிக்கெட் கேட்பார்கள், அதனால் என்ன வரும்படி என்று யாரும் கேட்டதில்லை. பொம்பளை அரை மணி நேரம் சுவரில் சாய்ந்தால், "சும்மாதானே இருக்கே, அந்த உளுந்தைக் கொஞ்சம் களைஞ்சு வை" என்று வந்துவிடும். அப்போதுதான் கூடை பின்னக் கற்றுக்கொண்டேன். மடியில் கூடை இருந்தால் ஒருவரும் வேலை ஏவ மாட்டார்கள். வேலை செய்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்! உள்ளுக்குள் நான் சும்மாதான் இருந்தேன்.

ஒரு கூடையை ஆடி முழுக்கப் பின்னியிருக்கிறேன். சாயங்காலம் நாலு வரிசை ஏற்றுவேன், ராத்திரி இரண்டு வரிசை பிரிப்பேன். முடிந்துவிட்டால் மறுபடி உளுந்துதானே. மாமியார் மட்டும் ஒருநாள், "என்னடி, இந்தக் கூடை வளரவே மாட்டேங்குது?" என்றார். முறுவலோடுதான் கேட்டார், அவருக்கும் தெரிந்திருக்கும் போல. அதனால் கண்ணு, கேட்கிறவர்களிடம் "ஆர்டர் இருக்கு" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் பின்னு. இப்போதைய காலத்தில் அதுதான் மடியில் கூடை.

ஓலைக்கிளி:
பெரியம்மா, இரண்டு வரிசை பிரித்தீர்கள் என்பதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
நானும்தான். ஆனாலும் ஒரு மாதத்துக்கு ஒரு கூடை... சரி, விடுங்கள்.

வயர்ப்பைத்தியம்:
தம்பி எழுதியதை நேற்று ராத்திரி மூன்று முறை படித்தேன். 280 ரூபாய் வாங்கியதை நான் பெருமையாக நினைத்திருந்தேன், லாபம் வைக்கவில்லையே என்று. அது இன்னொருவர் கூலியில் கை வைக்கும் என்று தோன்றவே இல்லை. இனி வயர் காசு வாங்க மாட்டேன். யாராவது கேட்டால், நான் விற்பதில்லை, விற்கிறவர் இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறேன். சும்மா கொடுப்பதையும் நிறுத்தச் சொல்வீர்களோ என்று பயமாக இருக்கிறது. அதற்கு மனசு வரவில்லை. பிறந்த நாளுக்கு ஒன்று, வீடு கட்டியவருக்கு ஒன்று என்று நிறுத்திக்கொள்கிறேன்.

பெரியம்மா சொன்ன "ஆர்டர் இருக்கு" மட்டும் எனக்கு ஒத்துவராது. அப்படிச் சொன்னால் சின்ன மாமா எத்தனை ஆர்டர், என்ன ரேட் என்று கேட்பார்.

போன வாரம் முடித்த அந்தப் பச்சை மஞ்சள் கூடையைத்தான் கீழே படமாகப் போட்டிருக்கிறேன். தூக்கினால் ஒரு பக்கம் சாய்கிறது. அடியைத் தரையில் வைத்து அழுத்திப் பார்த்தேன், சரியாகத்தான் உட்காருகிறது. என்னவென்று தெரியவில்லை.

கூடைக்காரம்மா மகன்:
பிறந்த நாளுக்குக் கொடுப்பதை யார் கேட்கப் போகிறார்கள் அக்கா, கொடுங்கள்.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு போனைப் பெரிதாக்கிப் பார்த்தார். அடியில் தப்பு இல்லையாம், கைப்பிடியில்தானாம். இந்தப் பக்கம் ஓரத்திலிருந்து ஆறாவது முடிச்சில் எடுத்திருக்கிறீர்கள், எதிர்ப்பக்கம் ஏழாவதில். விலைக்கு வந்த கூடையாக இருந்தால் கையோடு திருப்பிக் கொடுத்திருப்பேன் என்றார். பின்னல் கண் மட்டும் ஒன்றுபோல விழுந்திருக்கிறது, எத்தனை நாளாகப் பின்னுகிறாள் என்றும் கேட்டார்.

வயர்ப்பைத்தியம்:
எண்ணிப் பார்த்தேன். ஆறு, ஏழு. கைப்பிடியைப் பிரித்தாகிவிட்டது. எட்டு மாதம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.