குடும்பப் பண்டிகை நினைவுகளை எழுதினால் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி வருகிறது, என்ன செய்வது?

காகிதக்கப்பல்:
அம்மாவுக்கு எழுபது ஆகப்போகிறது. எங்கள் வீட்டில் பண்டிகை நாட்கள் எப்படி இருந்தன, யார் என்ன வேலை செய்வார்கள், எந்த வழக்கம் யார் காலத்தோடு நின்றுபோனது என்று எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என மூன்று வாரமாக முயற்சி செய்கிறேன். நாலு பக்கம் வந்திருக்கிறது. "அதிகாலையில் எழுவோம், எல்லோரும் ஒன்றுகூடுவோம், மகிழ்ச்சியாகக் கொண்டாடுவோம்." எனக்கே கொட்டாவி வருகிறது. இன்னொரு தலைவலி, நான் எழுதின ஒரு சம்பவத்தைப் படித்துவிட்டு அக்கா, "அன்றைக்கு நீ அங்கேயே இல்லை, காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்தாய்" என்கிறாள். எனக்கோ அது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. யார் சொல்வதை எழுதுவது?

பழைய டைரி:
அந்த நாலு பக்கத்தில் "வோம்" என்று முடியும் வாக்கியம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கோளாறு அங்கேதான். வருஷா வருஷம் ஒரே மாதிரி நடப்பதை மனசு ஒன்றாகப் பிசைந்து வைத்துவிடும், அதை அப்படியே எழுதினால் யார் வீட்டுக்கும் பொருந்துகிற மாதிரிதான் வரும். ஒரே ஒரு வருஷத்தை உருவி எடுங்கள், அதுவும் ஏதாவது கோணலாகப் போன வருஷமாக.

நான் எழுதினது எங்கள் தாத்தாவுக்குக் காது மெஷின் வாங்கின வருஷத்தை. அதற்கு முன்னால் எத்தனையோ பண்டிகைக்கு அவர் நடுக்கூடத்தில் சிரித்த முகமாகவே உட்கார்ந்திருப்பார், என்ன பொறுமை என்று எல்லோரும் மெச்சுவார்கள். அந்த வருஷம் பத்து மணிக்குள் வீட்டில் திட்டு வாங்காத ஆள் இல்லை. பத்தரை மணிக்கு மெஷினைக் கழற்றினார், கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டார், பழையபடி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பொதுவாக எழுதியிருந்தால் "தாத்தா அமைதியானவர்" என்பதோடு போயிருக்கும்.

கைநாட்டு:
அக்கா விஷயத்துக்கு வருகிறேன். கண்ணுக்குள் நிற்பதெல்லாம் சாட்சி ஆகாது. எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1995-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 24 பேரிடம் அவர்கள் சின்ன வயதில் நடந்ததாக நாலு சம்பவம் கொடுத்தார்கள், மூன்று உறவினர்கள் சொன்ன நிஜம், ஒன்று ஷாப்பிங் மாலில் தொலைந்துபோனதாகக் கட்டிவிட்ட கதை. 6 பேர் அந்தக் கட்டுக்கதையை முழுசாகவோ கொஞ்சமோ "ஞாபகம் இருக்கிறது" என்றார்கள். குடும்பக் கதை என்றால் கேட்கவே வேண்டாம், கூடுகிற போதெல்லாம் யாராவது சொல்லி, நாமும் கேட்டுக் கேட்டு, கடைசியில் நம்மையே அதற்குள் கொண்டுபோய் நிறுத்திவிடுவோம். இதனால் அக்கா சொல்வதுதான் சரி என்று அர்த்தமில்லை, அவர் தலைக்குள்ளும் அதே மூளைதான். "எனக்கு இப்படித்தான் நினைவு, அக்கா நான் அங்கே இல்லவே இல்லை என்கிறாள்" என்று இரண்டையும் எழுதிவிடுங்கள், படிக்கவும் சுவாரசியமாக இருக்கும். வருஷம், தேதி மாதிரி விஷயங்களை மட்டும் பழைய போட்டோக்களின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் மருமகள்:
எல்லோரும் கூடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். உள்ளே நின்றவர்களிடம் கேட்டீர்களா? அம்மாவிடம் "அந்தக் காலத்தில் பண்டிகை எப்படி இருக்கும்?" என்று கேட்டால் அவரும் "வோம்"தான் சொல்வார். "முதல்நாள் ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீர்கள்?" என்று கேளுங்கள். "கல்யாணமாகி வந்த முதல் வருஷம் எதைப் பார்த்து முழித்தீர்கள்?" என்று கேளுங்கள். வயதானவர்களுக்குச் சுமார் பத்து முதல் முப்பது வயது வரை நடந்தவைதான் அதிகம் நினைவில் தங்கும் என்று ஆராய்ச்சியாளர்களும் சொல்கிறார்கள், என் மாமியார் விஷயத்தில் அது அப்படியே உண்மை. போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு நடுவில் பேசாமல் இருங்கள், அவர் பேச்சை நிறுத்தினாலும் கொஞ்சம் காத்திருங்கள், எனக்கு நல்ல விஷயமெல்லாம் அதற்கப்புறம்தான் வந்தது. ஒரு வழக்கம் ஏன் நின்றது என்பதையும் விடாதீர்கள். காலம் மாறிவிட்டது என்பார்கள், துருவிக் கேட்டால் அதைச் செய்துகொண்டிருந்த ஒருத்திக்கு முட்டிவலி வந்திருக்கும். அப்புறம், சண்டை சச்சரவு ஏதாவது வந்தால் பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன் அம்மாவிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள்.

காகிதக்கப்பல்:
எண்ணினேன். முப்பத்தேழு "வோம்". மானம் போய்விட்டது. நேற்று அம்மாவிடம் ரெக்கார்டிங் போட்டுப் பேசினேன், ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. காய்ச்சல் சங்கதியையும் கேட்டேன். காய்ச்சல் வந்தது உண்மைதானாம், ஆனால் எனக்கில்லை, அக்காவுக்காம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.