பிடிஎன்எஃப்: தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களே, வணக்கம்.

உடலியங்கியல் அத்தியாயம் ஒன்றைத் தமிழாக்கி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். கடும் உடற்பயிற்சி மூளையின் வளர்ச்சிக் காரணிகளை ஆணிலும் பெண்ணிலும் வேறுவேறாகப் பாதிக்கிறதா என்பது பொருள். என்ஜிஎஃப்புக்கு (நெர்வ் குரோத் ஃபாக்டர்) 'நரம்பு வளர்ச்சிக் காரணி' இருக்கிறது. பிடிஎன்எஃப்பில்தான், அதாவது 'பிரெயின்-டிரைவ்டு நியூரோட்ரோஃபிக் ஃபாக்டர்' என்ற புரதத்தின் பெயரில்தான் நிற்கிறேன். 'மூளையிலிருந்து பெறப்பட்ட நரம்பு வளர்ச்சிக் காரணி' என்றால் இரண்டும் குழம்பும்.

இன்னொன்று, 'பயிற்சியின் செறிவு கூடினால் குருதியில் அதன் செறிவும் கூடுகிறது' என்று எழுதிவிட்டு நானே திகைத்தேன். இரண்டு செறிவும் ஒன்றா?

———

ஐயா, பயிற்சிக்குக் 'கடுமை' போதும். செறிவு கரைசலுக்கே இருக்கட்டும்.

'வளர்ச்சி'யை விட்டுவிடுங்கள். மூலத்தின் 'நியூரோட்ரோஃபிக்'கில் இருப்பது கிரேக்க 'ட்ரோஃபே', அதாவது ஊட்டம். நியூரான் மடியாமல் காப்பதும் இணைப்புகளை வலுப்படுத்துவதும் இதன் வேலை, வளர்ப்பது மட்டுமல்ல. 'ட்ரோப்பே' என்றால் திரும்புதல். அதையும் இதையும் மாற்றி எழுதுவோர் உண்டு. நமக்கு உண் தன்வினை, ஊட்டு பிறவினை. 'நரம்பூட்டி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்.

———

ஊட்டி சரி, ஆனால் காரணி வேண்டாம், காரணம் வடசொல். புறநானூறு 312இல் பொன்முடியார் 'ஈன்று புறந்தருதல்' தாயின் கடன் என்கிறார். பிறந்ததைப் பேணிக் காப்பதுதானே இந்தப் புரதமும் செய்வது? 'நரம்புப் புறந்தரி' என்போம். இரண்டாயிரம் ஆண்டாக நம்மிடம் இருக்கும் சொல்லைத் தூசு தட்டினால் போதும்.

———

இன்று வகுப்பில் கரும்பலகையில் 'நரம்புப் புறந்தரி' என்று எழுதிப் பொருள் கேட்டேன். 'நரம்பு வெளியே தருவது' என்றார்கள். புறம் என்றால் அவர்களுக்கு வெளிப்பக்கம்தான். 'நரம்பூட்டக் காரணி' என்றதும் ஒரு மாணவி 'நரம்புக்குச் சாப்பாடு' என்றாள். எனக்கு அது போதும்.

'மூளை'யும் கவனிக்க வேண்டியது. 1982இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்ததால் வந்த பெயர் அது. குருதியில் நாம் அளப்பதில் பெரும்பகுதி, குருதியை உறையச் செய்யும் தட்டணுக்கள் சேமித்து வைத்து உறையும்போது வெளிவிடுவது. அதனால்தான் உறைந்தபின் பிரியும் நீர்மமான சீரத்தில் அளவு மிக அதிகமாகவும், உறையவிடாமல் பிரிக்கும் நீர்மமான பிளாஸ்மாவில் குறைவாகவும் வருகிறது. அளந்தது எதில் என்று சொல்லாமல் ஆணையும் பெண்ணையும் ஒப்பிடுவது தவறு.

29 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வந்த பகுப்பாய்வில், பெண்கள் கூடுதலாக இருந்த ஆய்வுகளில் பயிற்சியால் வந்த ஏற்றம் குறைவாகவே தெரிந்தது. இதைப் 'பெண்களுக்குப் பயன் குறைவு' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், தயவுசெய்து. மாதவிடாய்ச் சுழற்சியின் கட்டத்தைப் பொறுத்தே அளவு மாறக்கூடியது. ஈஸ்ட்ரோஜன் இதன் மரபணுவையே தூண்டும். 'பாலின வேறுபாடு' என்பதைவிடப் 'பால் வேறுபாடு' என்றே எழுதுங்கள். உடற்கூறு பற்றிய பேச்சு இது. பாலினம் சமூக அடையாளத்துக்கு இருக்கட்டும்.

———

அனைவருக்கும் நன்றி. 'மூளைவழி நரம்பூட்டக் காரணி' என்று ஒருமுறை, பிறகு பிடிஎன்எஃப். நான்கு பேர் சரி என்றார்கள். நாளை அனுப்புகிறேன்.

———

ஐந்தாவது ஆள் நான், சரி என்று சொல்லவில்லை. 'வழி' என்றால் மூளையின் ஊடாக வருவது என்றாகும். தட்டணு பற்றி ஆசிரியை அம்மா அத்தனை எழுதிய பிறகுமா அந்த ஒட்டு? 'நரம்பூட்டி' என்று நிறுத்துங்கள். புறந்தரியை அடிக்குறிப்பிலாவது பதியுங்கள்.