ஒரே பாம்பாறு, மேலே ஒரு பூச்சி, கீழே வேறு பூச்சி

கானல்மழை:
போன மார்ச்சில் கொடைக்கானல் மலையில், வட்டக்கானல் பக்கம் பாம்பாற்றில் ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் ஸ்டோன்ஃப்ளை என்ற ஓடைப்பூச்சியின் இளம்பூச்சி. இரண்டு வால், கால் தொடங்கும் இடத்தில் கொத்துக் கொத்தாகச் செவுள். டம்ளர் தண்ணீரில் விட்டதும் தண்டால் எடுப்பதுபோல உடம்பை ஏற்றி இறக்க ஆரம்பித்தது! ஓட்டமில்லாத தண்ணீரில் அதற்கு மூச்சு முட்டியிருக்கிறது. உடனே ஓடையிலேயே விட்டுவிட்டேன். அதே வாரம் மலையடிவாரத்தில் கும்பக்கரையில் எத்தனையோ கல்லைப் புரட்டியும் ஒன்றுகூட இல்லை. மேஃப்ளை, காடிஸ் ஃப்ளை, தட்டான் என்று வேறு பூச்சிகளின் இளசுகள்தான். அதே ஆறு, 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம். வேறு யாராவது பார்த்தீர்களா?

பெரியகுளத்தான்:
மலைத் தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம், அதனால்தான். அதோடு கும்பக்கரையில் குளிக்கிற கூட்டம் கொட்டும் ஷாம்பைப் பார்த்தீர்களா? எந்தப் பூச்சி தாங்கும்? இதில் உயரத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

குன்னூர் ஓடை:
ஆக்சிஜன் விஷயம் அப்படியில்லை பெரியகுளத்தான். 2,000 மீட்டரில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர்ந்த தண்ணீர் கூடுதலாகக் கரைத்துக்கொள்வதில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். வெப்பம்தான் காரணம். 1,000 மீட்டர் ஏறினால் காற்றில் சுமார் 6 டிகிரி குறையும், ஓடையும் அதற்கேற்பக் குளிரும். குளிரில் பூச்சியின் உடம்பு கேட்கும் ஆக்சிஜனே குறைவு. கீழே தேவை ஏறும், கிடைப்பது ஏறாது.

எனக்கு மறக்காதது ஒரு அருவிப்பாறை. பிளெஃபரிசெரிட் ஈயின் புழு, வயிற்றில் ஒரே வரிசையில் ஆறு உறிஞ்சிகள். நகத்தால் நெம்பியும் அசையவில்லை. அதற்கு உயரத்தைவிடச் சரிவும் வேகமும்தான் முக்கியம். அதனால் கானல்மழை, மேலே வேகநீரும் கீழே மடுவும் பார்த்து ஒப்பிடாதீர்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு கல், ஒரே வேகம், ஒரே மாதம். தண்ணீருக்குள் தெர்மாமீட்டர் வையுங்கள். மர நிழல் உண்டா என்று குறியுங்கள், நிழல் போனாலே தண்ணீர் சூடாகிவிடும். பூச்சிகளை வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள். கல்லை எடுத்த பக்கமே திருப்பி வையுங்கள், அடியில் முட்டை இருக்கும். மழைக்கு மறுநாள் போகவே போகாதீர்கள், பாதிப் பூச்சி அடித்துக்கொண்டு போயிருக்கும்.

கானல்மழை:
பெரியகுளத்தான், கும்பக்கரையில் நான் பார்த்தது குளிக்கும் இடத்தில் இல்லை. ஆள் இறங்காத கிளை ஓடையில், வேகநீரில். அங்கே ஷாம்பு கிடையாது.

பெரியகுளத்தான்:
சரி, அப்படியானால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1,000 மீட்டர் வாக்கில், காபித் தோட்டங்களுக்கு நடுவிலும் பாருங்கள். ஸ்டோன்ஃப்ளை எந்த உயரத்தோடு நின்றுவிடுகிறது என்பது அங்கேதான் தெரியும்.