பொலோனியா கிராமத்துக்குப் போய் வந்தவர்கள் யாரேனும் உண்டா?

வணக்கம். தெற்கு ஸ்பெயினில் தரீஃபாவுக்கு அருகே பொலோனியா என்ற கடலோரச் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பைலோ கிளாவ்தியா என்ற ரோமானிய நகரின் இடிபாடுகளைப் பார்க்க அக்டோபரில் அம்மாவுடன் போகிறேன். கோயில்கள், சந்தை, அரங்கம் எல்லாம் உண்டு என்றாலும், என் மனம் கடற்கரையை ஒட்டிய தொட்டிகளில்தான் இருக்கிறது. சூரை மீனை உப்பிட்டுப் பதப்படுத்திய தொட்டிகள் அவை. வட்டமும் சதுரமுமாக இன்றும் நிற்கின்றன! மீனவக் குடும்பத்தில் பிறந்த அம்மாவுக்கு அவற்றைக் காட்டியே ஆக வேண்டும்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கோடை முடிந்த பிறகும் தரீஃபாவிலிருந்து பஸ் ஓடுகிறதா? டாக்சியில் போனால் திரும்ப வண்டி கிடைக்குமா? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. சரிவில் இருக்கும் அரங்கம்வரை மெதுவாக நடந்து ஏறிவிட முடியுமா? போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், அதற்கேற்ப டிக்கெட் எடுக்க வேண்டும்.