லுவார்ல ரெண்டு நாள்: ஷாம்போர் கோட்டையா, வில்லாந்திரி தோட்டமா?

வழிப்போக்கன்93:
மே மாசம் ஊர்ல இருந்து அம்மா வர்றாங்க, இங்க ஃபிரான்ஸ்ல லுவார் ஆத்துப் பக்கம் ரெண்டு நாள் கூட்டிட்டு போகலாம்னு இருக்கேன். முட்டிவலி இருக்கு, படி நிறைய ஏற முடியாது, ஆனா வீட்டுக்கு பின்னாடி கத்திரியும் கீரையும் போட்டு வளத்தவங்க. எல்லாரும் ஷாம்போர் போங்கறாங்க, என்கூட வேலை பாக்கற ஃப்ரெஞ்சுக்காரர் மட்டும் வில்லாந்திரிங்கறார். எது போலாம்?

கல்லும்உளியும்:
ஷாம்போர்தான், யோசிக்கவே வேண்டாம். 1519ல ஃபிரான்ஸ் ராஜா முதலாம் ஃபிரான்சுவா ஆரம்பிச்சது. நடுவுல அந்த ரெட்டைச் சுருள் படிக்கட்டு இருக்கே, ஒரு சுருள்ல நீங்க ஏறுவீங்க இன்னொண்ணுல வேற ஒருத்தர் இறங்குவார், நடுத்தூண் ஜன்னல் வழியா ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துக்கலாம் ஆனா எதிர்ல வந்து முட்டிக்கவே மாட்டீங்க. ரெண்டாவது மாடியில நிமிந்து பாத்தா கூரை பூரா கல்லுல செதுக்கின சாலமாண்டர், பல்லி மாதிரி ஒரு பிராணி, அது ராஜாவோட சின்னம். நான் அரைமணி நேரம் கழுத்து வலிக்க பாத்துட்டு நின்னேன். வில்லாந்திரி தோட்டம் அழகு, இல்லங்கல. ஆனா அது ராஜா காலத்து தோட்டம் இல்ல. 1906ல ஸ்பெயின்ல பிறந்த ஜோவாக்கிம் கார்வாயோன்னு ஒரு டாக்டர் அந்த இடத்த வாங்கி, அங்க இருந்த இங்கிலீஷ் பாணி பூங்காவ எடுத்துட்டு பழைய படங்களையெல்லாம் பாத்து புதுசா போட்டது. பழசு பாக்கணும்னு போற எனக்கு அது மனசுல ஒட்டல.

பாத்திகட்டி:
தோட்டத்துல எதுங்க பழசு? நம்ம ஊர் வயல் ஆயிரம் வருஷ வயல்தான், நெல்லு இந்த வருஷ நெல்லு. அங்க சமையல் தோட்டம் ஒன்பது சதுரம், ஒவ்வொண்ணும் வேற வேற கோலம், வசந்தத்துல ஒரு நடவு கோடைக்கு ஒரு நடவுன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை மொத்தமா மாத்தறாங்க. இந்த தடவை கோஸ் இருந்த பாத்தியில அடுத்த தடவை கோஸ் வராது, மண்ணு சலிச்சு போயிடக்கூடாதுன்னு. நான் காலைல சீக்கிரமே போனேன், ஒரு தோட்டக்காரம்மா நூல் கட்டி அந்த நூலுக்கு நேரா நாத்த ஒவ்வொண்ணா ஊனிட்டு, விரலால மண்ண அழுத்தி, திரும்பி பாத்து ஒண்ணு கோணலா இருக்குன்னு பிடுங்கி மறுபடி வச்சாங்க. சிவப்பு கோஸ் இலைல பனித்தண்ணி அப்படியே நின்னுச்சு. 2009ல இருந்து ரசாயனம் இல்லாம இயற்கை முறைலதான் பண்றாங்க. வழிப்போக்கன், உங்கம்மா அத பாத்தா பாத்தி பாத்தியா நின்னு பேசுவாங்க.

அப்புறம் கல்லும்உளியும், ஷாம்போர் முன்னாடி இருக்கற தோட்டமே 2017ல மறுபடி போட்டதுதானே, அத மட்டும் ஏன் விட்டுட்டீங்க? உள்ள போனா முக்காவாசி ரூம் காலி வேற.

கல்லும்உளியும்:
2017 சரிதான், ஒத்துக்கறேன், ஆனா அது 18ஆம் நூற்றாண்டுல அங்கயே இருந்த தோட்டத்தோட பழைய வரைபடத்த வச்சு, மண்ண தோண்டி ஆராய்ச்சி பண்ணி போட்டது, கார்வாயோ பண்ணதுல அவரோட கற்பனை ஜாஸ்தி. காலி ரூம் விஷயத்துக்கு வர்றேன். ஃபிரான்சுவா ஒரே இடத்துல இருந்த ராஜா இல்ல, கட்டில் திரைச்சீலை பாத்திரம் பண்டம்னு எல்லாத்தையும் வண்டில ஏத்திக்கிட்டு அரண்மனை அரண்மனையா போவார், அவர் கிளம்பினதும் ஷாம்போர் காலியாயிடும். அதுக்கப்புறம் வந்து சேந்த சாமானும் ஃபிரெஞ்சுப் புரட்சி காலத்துல ஏலத்துல போச்சு. அதனால அந்த வெறுமையே எனக்கு உண்மையான ஷாம்போர்தான். 1939ல போர் வந்தப்ப பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல இருந்து ஓவியங்கள பத்திரமா வைக்க அங்கதான் கொண்டு போனாங்க, மோனாலிசா உட்பட.

மார்ன்கரை:
ரெண்டு பேரும் ஷெனொன்சோ கோட்டைய மறந்திட்டியள். நாங்கள் அம்மாவோட போனனாங்கள், அவவுக்கும் முழங்கால் ஏலாது. தூர் நகரத்தில ரயிலெடுத்தா வாசலடியில இறங்கலாம். ஷேர் ஆத்துக்கு மேலால போற அந்த நீள மண்டபம் தரைத்தளத்திலதான், படி இல்லை, ரெண்டு பக்க ஜன்னலாலயும் தண்ணி தெரியும். ஒரு பக்கம் ரெண்டாம் ஆன்றி ராசாவின்ர காதலி தியான் தெ புவாத்தியேயின்ர தோட்டம், மற்றப்பக்கம் அவற்ற ராணி கத்தரீன் தெ மெடிசியின்ர தோட்டம். ராசா செத்தவுடன கத்தரீன் தியானிட்ட இருந்து கோட்டைய வாங்கிப்போட்டா.

ஆனா எனக்கு மனசில நிண்டது வேற. 1940ல ஜெர்மன்காரர் நாட்டைப் பிரிச்சு போட்ட கோடு அந்த ஆத்தோடதான் போனது. கோட்டை வாசல் அவங்கட பக்கம், மண்டபத்தின்ர அந்தத் தொங்கல் கதவு மற்றப்பக்கம். அதுக்குள்ளால ஆக்கள் தப்பிப் போயிருக்கினம். நாங்கள் ஊரில பாஸ் எடுத்து செக்பொயின்ற் தாண்டின ஆக்கள். அம்மா அந்தக் கதவடியில கொஞ்சநேரம் ஒண்டும் பேசாம நிண்டவ. அங்க தோட்டமோ கல்லோ எண்டு எனக்கு வரேல்ல.

பாத்திகட்டி:
படிச்சுட்டு என்ன சொல்றதுன்னே தெரியல. அம்மாவ கேட்டதா சொல்லுங்க.

கல்லும்உளியும் கிட்ட ஒண்ணே ஒண்ணு. கோட்டைய நூறு வருஷம் பூட்டி வச்சாலும் சுவர் நிக்கும். வோ-லெ-விகோம்த் கோட்டையில என்னாச்சு தெரியுமா, பதினாலாம் லூயியோட நிதி மந்திரி ஃபூக்கே கட்டினது, லெ நோத்ர்ங்கற தோட்டக்கலைஞர் போட்ட தோட்டம். அங்க பாக்ஸ்ங்கற குட்டை வேலிச் செடில வெட்டின பின்னல் கோலத்த நோயும் புழுவும் சேந்து அழிச்சு 2019ல மொத்தமா பிடுங்க வேண்டியதாயிடுச்சு. அந்த பச்சைப்புழு ஒரு வேலிய சில நாள்ல எலும்பாக்கிடும். யாராவது குனிஞ்சு நின்னா மட்டும்தான் தோட்டம் இருக்கும். கார்வாயோ பண்ணது கற்பனைன்னே வச்சுக்குங்க, அவர் வம்சம் இன்னைக்கு வரைக்கும் அத காப்பாத்துது. 1924ல பழைய கோட்டை வச்சிருக்கறவங்களுக்குன்னு சங்கம் ஆரம்பிச்சு, வாசல ஜனங்களுக்கு திறந்து விடுங்கன்னு சொன்னவரும் அவர்தான்.

கல்லும்உளியும்:
அந்த சங்கத்துக்காக அவர் மேல எனக்கும் மரியாதை உண்டு. ஆனா சுவர் தானா நிக்கும்ங்கறத ஏத்துக்க மாட்டேன். லுவார் கோட்டைங்க பெரும்பாலும் தூஃபோங்கற வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லு, கைய வச்சு தடவினா மாவு மாதிரி ஒட்டும், மழையும் பனியும் வருஷா வருஷம் அத தின்னுது. கல்தச்சனும் குனிஞ்சு நின்னு கல்லு மாத்திக்கிட்டே இருக்கான்.

வழிப்போக்கன்93:
எல்லாருக்கும் நன்றிங்க. தூர்ல தங்கி முதல் நாள் ஷெனொன்சோ, ரெண்டாம் நாள் வில்லாந்திரின்னு முடிவு பண்ணிட்டேன். வில்லாந்திரில படி ஏறாம தோட்டம் முழுசா தெரியுமா?

பாத்திகட்டி:
கோபுரத்து மேல போக வேண்டாம். சமையல் தோட்டத்துக்கு மேல் தளத்துல நின்னாலே ஒன்பது சதுரமும் கீழ விரிஞ்சு தெரியும், அப்புறம் மெதுவா இறங்கி பாத்தி நடுவுல நடக்கலாம். தொப்பி எடுத்துக்குங்க, பாத்திக்குள்ள நிழல் இல்ல.

கல்லும்உளியும்:
அம்மாவுக்கு அதுதான் சரி. ஷாம்போருக்கு நீங்க மட்டும் ஒரு நாள் போங்க, சாயங்காலமா மாடில ஏறி அந்த புகைபோக்கிங்களுக்கு நடுவுல நில்லுங்க. என் கட்சி மாறல.